சூரியன் போன பிறகு கிளம்பும் படகு

பாங்காக்கில் சாவோ பிரயா ஆற்றுப் படகுச் சவாரிக்கான விளம்பரங்கள் பெரும்பாலானவற்றில் ஒரே படம்தான். வாட் அருண் கோயிலின் கோபுரம், பின்னால் ஆரஞ்சு நிற வானம், முன்னால் கையில் கோப்பையோடு ஒரு ஜோடி. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் படகு கிளம்பும் நேரம் போட்டிருக்கும்: இரவு 7.30 அல்லது 8.00. அந்த ஊரில் வருடத்திலேயே தாமதமாகச் சூரியன் மறைவது ஜூலை தொடக்கத்தில். அப்போதே 6.50 வாக்கில் மறைந்துவிடும். நவம்பரில் 5.45-க்கெல்லாம் ஆள் போய்விடுவார். நாங்கள் போன டிசம்பர் கடைசியில் சரியாக ஆறு மணி. விளம்பரத்தில் இருக்கும் வானத்துக்கும் படகு கிளம்பும் நேரத்துக்கும் இடையே ஒன்றரை, இரண்டு மணி நேரம் இடைவெளி.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நேரத்தைத்தான் போட்டிருக்கிறார்களே. ஆனால் அந்தி, காதல், சாப்பாடு மூன்றையும் ஒரே டிக்கெட்டில் கட்டித் தருகிறோம் என்பது பாங்காக்கில் நடக்காத காரியம். காரணம் அந்த ஊர் இருக்கும் இடம். சென்னைக்குக் கிட்டத்தட்ட நேர் கிழக்கே, வடக்கு அட்சரேகை பதிமூன்றே முக்கால் டிகிரியில் இருக்கிறது பாங்காக். இந்த இடங்களில் சூரியன் சாய்வாக இறங்காது, ஏறக்குறைய நெட்டாகவே இறங்கும். மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெளிச்சம் முழுசாகப் போய்விடும். லண்டனில் ஜூன் மாதம் அதே வெளிச்சம் முக்கால் மணி நேரம் தாங்கும். பாங்காக்கில் அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் பஃபே வரிசையில் தட்டோடு நின்றால் அவ்வளவுதான், வானம் முடிந்தது.

முதல் மாலை எங்களுக்குக் கிடைத்தது சாப்பாட்டுப் படகு. இவருடைய தங்கை மகன் அங்கே வேலையில் இருக்கிறான். "மாமா, உங்க கல்யாண நாளுக்கு என் கிஃப்ட்" என்று டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினான். ஆசையாகக் கொடுப்பதை நேரம் பார்த்தா வாங்க முடியும்? கிளம்பினோம்.

பி.டி.எஸ். ரயிலில் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்க வேண்டும். ஆற்றங்கரையிலேயே, தாக்சின் பாலம் ஏறும் இடத்தில் இருக்கிறது அந்த நிலையம். நாங்கள் இறங்கியபோது மணி ஆறு. ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு ஆரம்பித்தது. பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். கையில் பையோடு ஒரு அம்மா, காதில் போனோடு ஒரு பையன், சீருடையில் காவலாளி, எல்லோரும். தாய்லாந்தில் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் போடுவார்கள், எழுந்து அசையாமல் நிற்க வேண்டும். இவர் மட்டும் விறுவிறுவென்று படிக்கட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அப்படி நிற்கும்போதுதான் மேற்கே பார்த்தேன். கட்டடங்களுக்கு நடுவில் சூரியன் பாதி இறங்கியிருந்தது. கீதம் முடிந்து கூட்டம் மறுபடி நடக்க ஆரம்பித்தபோது அதில் மேல் விளிம்பு மட்டும் மிச்சம். படகில் பார்க்க வந்த அஸ்தமனத்தை ரயில் பிளாட்பாரத்தில், அட்டென்ஷனில் நின்றபடி பார்த்தோம்.

படகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துறையில் நெஞ்சில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள், எந்த நிறம் எந்தப் படகுக்கு என்று கணக்கு. கீழ்த்தளம் ஏசி, கண்ணாடி ஜன்னல். உள்ளே விளக்கு, வெளியே இருட்டு என்றால் கண்ணாடியில் என்ன தெரியும்? நாங்கள்தான் தெரிந்தோம், பின்னால் பனீர் இருந்த பாத்திரமும் தெரிந்தது. படகு நகர்ந்ததுமே எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். வரிசை பாதி வந்தபோது வாட் அருண் கடந்துபோனது. வரிசையில் நின்றவர்கள் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் படம் எடுத்தார்கள். மேல்தளத்தில் பாட்டு. இந்தியக் கூட்டம் அதிகம் என்று பார்த்து இந்திப் பாட்டாகவே போட்டார் அதற்கென்று இருந்த பையன், பாவம், அவர் வேலை அது. அதே எட்டு மணிக்கு அதே ஆற்றில் ஊதாவும் பச்சையுமாக சீரியல் செட் சுற்றிய திருவிழாத் தேர்கள் போல வரிசையாக இன்னும் பல படகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. ஒரு படகு நம்மைத் தாண்டும்போது இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று மோதும். கல்யாண நாள் கொண்டாடுகிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். இவர் என் கையைப் பிடித்துக் கீழே அமுக்கினார். அந்த மாலையின் ஒரே ஸ்பரிசம் அதுதான்.

நண்பர்களோடு, பிள்ளைகுட்டிகளோடு போனால் அது நல்ல படகுதான், குறை சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகள் அன்றைக்கு அப்படி ஆடினார்கள். ஆனால் இரண்டு பேர் தனியாகப் போவதற்கு அது படகே இல்லை. அது மிதக்கும் கல்யாண மண்டபம்.

மறுநாள் நானாகத் தேடியதில் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பும் படகுகளும் இருக்கின்றன, விளம்பரம்தான் குறைவு. சாப்பாடு கிடையாது, கொறிக்க ஏதாவது தருவார்கள். எங்களுக்குக் கிடைத்தது பழைய அரிசித் தோணி ஒன்றைச் சவாரிக்காக மாற்றியது. முன்பு உள்நாட்டிலிருந்து பாங்காக் ஆலைகளுக்கு நெல்லும் அரிசியும் இப்படிப்பட்ட தேக்குத் தோணிகளில்தான் வந்துகொண்டிருந்தன. வயிறு பெருத்த உருண்டை அடிப்பாகம், உயரமே இல்லை. உட்கார்ந்தால் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். இவர் ஏறியதும் முதல் வேலையாகத் தேக்குப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கையிலேயே ஒரு சுத்தியல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் மனிதர்.

எங்கே உட்காருவது என்பதை எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குள் இந்த ஆறு வளைந்து வளைந்து வந்தாலும், மொத்தத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. தெற்குப் பக்கத் துறைகளில் ஏறினால் படகு முதலில் வடக்கே போகும், எட்டாம் ராமா பாலத்துப் பக்கம் திரும்பி அதே வழியில் வரும். ஏறியவுடன் சூரியன் இருக்கும் இடது பக்கத்துக்கு எல்லோரும் பாய்வார்கள். விட்டுவிடுங்கள். நீங்கள் வலது பக்கம் உட்காருங்கள். போகும்போது வலது பக்கம் கிழக்குக் கரை. முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் சாய்ந்த வெயில் அந்தக் கரை முழுவதையும் நனைத்திருக்கும். பழைய சுங்கக் கட்டடம், ஹோலி ரோசரி தேவாலயம், கடைசியில் அரண்மனைக் கோபுரங்களின் பொன் தகடு, எல்லாமே மஞ்சளாக மின்னும். படகு திரும்பியதும் அதே வலது பக்கம் மேற்குக் கரையாகிவிடும். அப்போது சூரியன் கீழே இறங்கும் நேரம், அந்தக் கரையில் எல்லாம் கறுத்துக் கோட்டுருவமாக நிற்கும். ஒரே இருக்கை, இரண்டு காட்சி. இடது பக்கம் பாய்ந்தவர்கள் போகும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வரும்போது இருட்டிய கரையைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

இன்னொன்று. வாட் அருண் மேற்குக் கரையில் இருப்பதால் மாலையில் ஆற்றுப் பக்கம் பார்த்த அதன் முகத்தில் வெயில் படாது. அந்தக் கோபுரம் முழுக்கப் பீங்கான் துண்டுகள் பதித்தது. சீனாவிலிருந்து வந்த கப்பல்களில் பாரத்துக்காகப் போட்டுவந்த பீங்கானும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தச் சில்லுகள் பளபளப்பதைப் பார்க்க வேண்டுமானால் காலையில் போக வேண்டும். மாலையில் அதன் நிழலைத்தான் பார்க்கிறோம். விடியலின் கோயில் என்று பெயர் வைத்துவிட்டு உலகமே சாயங்காலம் போய்ப் படம் எடுக்கிறது. இருந்தாலும் இருட்டத் தொடங்கி, விளக்கு போட்ட பிறகு, வானத்தில் நீலம் கொஞ்சம் மிச்சம் இருக்கும் அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதற்கு ஈடில்லை. சூரியன் மறைவதைவிட அதுதான் எனக்குப் பிடித்தது. தோணியில் பாதிப் பேர் சூரியன் போனதும் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். அவசரம்.

படகோட்டியின் உதவியாளர் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் கொஞ்சம் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தாள். பெரும்பாலும் எந்த ஓட்டல் எந்த வருடம் கட்டியது என்ற ரகம். 1876-இல் தொடங்கிய ஓரியண்டல் ஓட்டல், 1932-இல் திறந்த மெமோரியல் பாலம், இப்படி. அந்தப் பாலத்துக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. தாய்லாந்து மன்னர்களின் சக்ரி வம்சம் ஆட்சிக்கு வந்த 150-ஆம் ஆண்டைக் கொண்டாடத் திறந்தார்கள். திறந்த சில மாதங்களில் புரட்சி வந்து மன்னரின் முழு அதிகாரம் போய்விட்டது. பாலம் நிற்கிறது.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்றை நான் முன்பே படித்திருந்தேன். எனக்கு இந்த ஆற்றில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். அரண்மனைக்கும் வாட் அருணுக்கும் நடுவில் ஓடுவது ஆறே இல்லை, மனிதர்கள் வெட்டிய கால்வாய். பதினாறாம் நூற்றாண்டுக்கு முன்பு இந்த இடத்தில் சாவோ பிரயா மேற்கே ஒரு பெரிய வளையம் போட்டுச் சுற்றிக்கொண்டு போனது. கடலிலிருந்து தலைநகரான அயுத்தயாவுக்குப் போகும் கப்பல்கள் அந்த வளையம் முழுவதும் சுற்ற வேண்டியிருந்தது. அயுத்தயாவை ஆண்ட சாய்ராச்சா மன்னர் காலத்தில் வளையத்தின் கழுத்தை நேராக வெட்டினார்கள். தண்ணீருக்குக் குறுக்கு வழி கிடைத்தால் சும்மா இருக்குமா? வெட்டிய வாய்க்காலை அரித்து அரித்து அகலமாக்கித் தன் பாதையாக்கிக்கொண்டது. பழைய ஆறு தூர்ந்து சுருங்கி இன்று பாங்காக் நோய், பாங்காக் யாய் என்று இரண்டு கால்வாய்களாகக் கிடக்கிறது. இரண்டும் பெரிய ஆற்றோடு சேரும் இடங்களுக்கு நடுவில் உள்ள அந்தத் துண்டில்தான் உலகமே வந்து படம் எடுக்கிறது.

இதை இவரிடம் சொன்னேன். தண்ணீரை உற்றுப் பார்த்தார். "ஆழம் எவ்வளவு வெட்டியிருப்பாங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அவராகவே மண்வெட்டி, கூடை, ஆள்கூலி என்று ஏதோ கணக்குப் போட ஆரம்பித்தார். காதல் சவாரி என்று எழுதிய டிக்கெட் என் பையில் இருந்தது.

அந்தக் கணக்கு பாதியில் நின்றதற்குக் காரணம் ஒரு இழுவைப் படகு. தீப்பெட்டி அளவுதான் இருக்கும், கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்து வந்தது. பின்னால் தடித்த கயிற்றில் நான்கு பெரிய தோணிகள், ஒன்றன்பின் ஒன்றாக. நான்கிலும் மணல். பாரத்தில் தோணிகள் விளிம்புவரை அமிழ்ந்து, தண்ணீர் இதோ உள்ளே ஏறிவிடும் என்பதுபோல வந்தன. எங்கள் தோணி ஓரமாக ஒதுங்கி வழி விட்டது. இவ்வளவு பாரம் நினைத்த இடத்தில் நிற்காது என்பதால் அந்த வரிசைக்கு எல்லோரும்தான் ஒதுங்க வேண்டும். கடைசித் தோணியின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட சின்ன வீடு. கொடியில் துணி காய்ந்தது. ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைக்கலாமா என்று யோசித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நைட்டி மாதிரி ஏதோ போட்ட பெண் ஒருத்தி, வெட்டிய பிளாஸ்டிக் கேனில் நட்டிருந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குனிந்து ஆற்றிலேயே குவளையை விட்டு மொண்டாள், ஊற்றினாள், மறுபடி மொண்டாள். மிளகாய்ச் செடி என்று நினைக்கிறேன். எங்கள் தோணியில் பத்துப் பன்னிரண்டு பேர் அவளைப் படம் எடுத்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை.

அப்போதுதான் இவர் சொன்னார், கண்ணை அந்தத் தோணியிலிருந்து எடுக்காமல். "வேலையை விட்டுடலாமான்னு பாக்கறேன்."

ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது. பையன் படிப்பு முடியவில்லை. வீட்டில் இப்படி ஒரு வாக்கியத்தை அவர் ஆரம்பித்திருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன். கையில் இருப்பதைக் கீழே வைத்திருப்பேன், முகத்தைப் பார்த்து ஏன், எதுக்கு, என்ன ஆச்சு என்று அடுக்கியிருப்பேன். அவர் பேச்சை விழுங்கிவிட்டுச் செய்தித்தாளை எடுத்திருப்பார். எத்தனையோ பேச்சு எங்கள் வீட்டில் அப்படித்தான் போயிருக்கிறது. படகில் எழுந்து நிற்க இடமில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். நானும் மணல் தோணியைப் பார்த்துக்கொண்டே, "எப்போலேந்து யோசிக்கறீங்க?" என்றேன்.

"ஒரு வருஷமா."

சரி. ஒரு வருஷமாக என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர். நான்காவது தோணி எங்களைத் தாண்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினோம், நிறைய. அதில் என்ன முடிவானது என்பது எங்கள் வீட்டு விஷயம், விட்டுவிடுகிறேன். சொல்ல வந்தது வேறு. காதல் என்றால் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நடுவில் மெழுகுவத்தி வைத்து, கண்ணுக்குள் பார்ப்பது என்று யாரோ முடிவு செய்து எல்லா உணவகத்திலும் மேசை போட்டுவிட்டார்கள். பழகத் தொடங்கியவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். வருடக்கணக்காகச் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு எதிரே உட்காருவது விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். அது நகர்ந்துகொண்டும் இருக்க வேண்டும். பேச்சு நின்றால் அடுத்த வளைவில் ஒரு பாலமோ கோயிலோ வந்து நின்ற பேச்சுக்குச் சாக்குச் சொல்லிவிடும். ஆற்றுப் படகில் இது எல்லாமே இருக்கிறது. இசை வேண்டாம், ரோஜா வேண்டாம். பஃபே வேண்டவே வேண்டாம். சாப்பாட்டு மேசை வந்துவிட்டால் நாற்காலிகள் மறுபடி எதிரெதிராகத் திரும்பிவிடும்.

இதற்குத் தனிப் படகு எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. காசு பார்ப்பவர்களுக்கு ஆரஞ்சுக் கொடி கட்டிய எக்ஸ்பிரஸ் படகு இருக்கிறது. இது ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் படகு, நம் ஊர் டவுன் பஸ் கணக்கு. டிக்கெட் அந்த ஊர்ப் பணத்தில் இருபது பாத்துக்குப் பக்கம்தான். சாப்பாட்டுப் படகில் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல். இரவு ஏழு மணி வாக்கில் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஐந்தேகாலுக்குள் ஏறிவிட வேண்டும். உட்கார இடம் கிடைக்காது. பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், அலுவலகம் விட்டு வருகிறவர்கள், புத்த பிக்குகள் நிற்கத் தனி இடம். ஆனால் படகின் பின்பக்கம் திறந்த இடத்தில் நின்றால் அதே ஆறு, அதே வெயில்.

அந்தப் படகில் வேடிக்கை பார்க்க வேண்டியது கரையை அல்ல, கயிற்றுக்காரரை. பின்பக்கம் வாயில் விசிலோடு நிற்பார். ஓட்டுநர் முன்னால் இருப்பார், அவருக்குப் பின்பக்கம் எதுவும் தெரியாது. படகு துறையை நெருங்கும்போது விசில் சத்தத்தில்தான் இன்னும் கொஞ்சம், பின்னால் எடு, நிறுத்து எல்லாம். கடைசி நீள விசிலோடு கயிற்றுக்காரர் மிதவை மேடைக்குத் தாவி, கட்டையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றுவார். எஞ்சின் உறுமிப் படகு மேடையோடு ஒட்டும். ஒட்டிய சில நொடிகளில் இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி, கயிறு அவிழ்ந்து, விசில் ஊதி, படகு போய்விடும். வயதான பாட்டி ஒருத்தர் தயங்கியபோது அவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாட்டியின் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டார். விசில் வாயிலேயே இருந்தது.

இவருக்குச் சொர்க்கம் அதைவிட நீள்வால் படகில். மெல்லிய நீளப் படகு, பின்னால் கார் எஞ்சினோ லாரி எஞ்சினோ கழற்றிக் கொண்டுவந்து ஒரு அச்சில் உட்கார வைத்திருப்பார்கள். எஞ்சினிலிருந்து நீளமாக ஒரு தண்டு, அதன் நுனியில் விசிறி. சுக்கான் கிடையாது. ஓட்டுகிறவர் அந்த எஞ்சினையே மொத்தமாகத் திருப்பித்தான் படகைத் திருப்புகிறார். தண்டை மேலே தூக்கினால் விசிறி தண்ணீருக்கு வெளியே வந்துவிடும், படகு தளரும். கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் இடத்தில் இந்த ஏற்பாடுதான் தோது என்று இவர் எனக்குப் பாடம் எடுத்தார். அந்தச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. ஜோடியாகப் போகிறவர்களுக்கு நீள்வால் படகைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பேசவே முடியாது. வேகமாகப் போகும்போது தண்ணீர் முகத்தில் அடிக்கும், அது நல்ல தண்ணீரும் இல்லை. ஆனால் பாங்காக் நோய் கால்வாய்க்குள் போக அதுதான் வழி. அந்தப் பழைய ஆற்றைப் பார்க்காமல் வரக்கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

ஆகாயத்தாமரை என்றதும் ஞாபகம் வருகிறது. அது அந்த ஊர்ச் செடியே இல்லை. ஐந்தாம் ராமா மன்னர் காலத்தில் ஜாவாவிலிருந்து பூ அழகாக இருக்கிறதே என்று கொண்டுவந்தார்கள். இப்போது ஆறு முழுவதும் திட்டுத் திட்டாக மிதக்கிறது, மேலே கொக்கு உட்கார்ந்து சவாரி செய்கிறது. கடல் அதிக தூரம் இல்லாததால் ஆற்றில் ஓதம் ஏறி இறங்கும். மழையில்லாத மாதங்களில் ஓதம் ஏறும்போது தண்ணீர் திரும்பி மேல்நோக்கிப் போகும். காலையில் கடலைப் பார்த்துப் போன திட்டு மாலையில் திரும்பி வருகிறது. கொக்குக்கு டிக்கெட் செலவு இல்லை.

மாதம் பார்த்துப் போவதும் முக்கியம். நவம்பர் முதல் பிப்ரவரிவரை மழை தொல்லை இல்லை, காற்றும் இதமாக இருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் ஊரைப் புகைமூட்டமும் பிடிக்கிறது. தூசி அதிகமான நாளில் சூரியன் தொடுவானம்வரை போகாது. பாதி வழியிலேயே மங்கிய ஆரஞ்சு வட்டமாகி மறைந்துவிடும், வானத்தில் நிறம் ஏறாது. மழைக்காலத்தில் ஆபத்து வேறு மாதிரி. படகே கிளம்பாமல் போகலாம். ஆனால் மழை பெய்து கழுவிவிட்ட மாலை ஒன்று வாய்த்தால் அந்த வானத்தை எந்த டிசம்பராலும் தர முடியாது என்று தங்கை மகன் சொல்கிறான். அவன் அங்கேயே இருக்கிறவன், நம்பலாம்.

ஊர் திரும்பும் விமானத்தில் இவர் முன் இருக்கைப் பையிலிருந்த பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு வந்தார். பாரிஸ் பக்கம் வந்ததும் விரல் நின்றது. சீன் ஆறு, கண்ணாடிக் கூரை போட்ட படகு, உள்ளே வெள்ளை விரிப்பு போட்ட மேசைகள்.

"வேலையை விடறவர் பாரிஸ் பக்கமா பாக்கறீங்க?" என்றேன்.

"இல்ல, சும்மா." கொஞ்ச நேரம் கழித்து, "அங்க ஜூன்ல எத்தனை மணிக்குச் சூரியன் மறையும்?" என்றார்.

ராத்திரி பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்று சொன்னேன்.

பக்கத்தை ஓரம் மடித்து வைத்தார். "அப்போ அங்க எட்டரை மணி சாப்பாட்டுப் படகுலயே ஏறலாம். வெளிச்சம் இருக்கும்ல."

"மேசை எதிரெதிரா இருக்குமே?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கமா உக்காந்துக்கலாம். அவங்க என்ன சொல்லப்போறாங்க?"